சுவர்ச் சோதனை

என் வேலை முட்டிக்கொள்வது.
நகோயாவில், ஓசு கடைத்தெருவில்,
சலவைக் கடைக்கு மேல்மாடியில்
‘உப்புக் கோபுரம்’ முதல் பாகம் உருவான கோடையில்
ஏழு பேருக்கு ஒரு மின்விசிறி.
எட்டாவது ஆள் நான்.

வீரன் பதினாறு புள்ளி உயரம்.
முகமென்று நான்கு புள்ளி.
அவனைச் சுவர் சுவராகக் கொண்டுபோய் மோதுவேன்.
தொப் என்றால் சுவர்.
சத்தம் வராவிட்டால் பிழை, நோட்டில் எழுது.
சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
அங்கே சித்திரம்தான் முதலில்.
அது சுவர்தானா என்பதை
என் கட்டைவிரல் சொல்ல வேண்டும்.

நிறுத்திவிட்டு மறுநாள் தொடர
ஐம்பத்திரண்டு எழுத்தில் ஒரு மந்திரம் தரும் திரை.
காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.
‘நு’வும் ‘மெ’வும் எங்கள் எழுத்தில் அக்கா தங்கை,
ஒரு சுழி கூடினால்
மூன்று வார உழைப்பு போச்சு.

இரண்டாம் பாகம்.
வடக்குக் குகை, நான்காம் அடுக்கு, ஈசானி மூலை.
சத்தம் வரவில்லை.
வீரன் சுவருக்குள் போனான்.

அந்தப் பக்கம் கறுப்பு.
தரை இல்லை, நடந்தான்.
ஒரு பூதமும் எதிரே வரவில்லை.
குகையின் பாட்டு மட்டும் விடாமல் கூட வந்தது.
அதிகாலை மூன்று மணி,
மகாபே மேசைக்கடியில் அட்டைப்பெட்டிமேல் தூங்கினார்.
நோட்டைத் திறந்தேன்.
மூடினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
நல்ல காரணம் இன்றுவரை கிடைக்கவில்லை.

மாரியில் அகிதாவிலிருந்து ஒரு கடிதம்,
இசுருகி, நான்காம் வகுப்பு:
“சுவருக்குள் போய்விட்டேன். வெளியே வரத் தெரியவில்லை.
தங்கை அழுகிறாள். நான் அழவில்லை.”
“தெற்கே பதினோரு அடி” என்று மட்டும்
பதில் போட்டேன்.

நான்காம் பாகத்தில் வீரனுக்கு நிழல் வந்தது.
ஐந்தில் விடுதிக்காரிக்கு ஒரு பெயர்.
ஏழில் உலகம் கோணம் கோணமாய்ப் புடைத்தது,
காமிரா சுழலச் சுழல
குப்பைத்தொட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.
எட்டில் அவன் வாய் திறந்தான்.
யாரோ ஒரு நடிகனின் குரல்.
அதுவரை என் தலைக்குள் பேசியவன் அவனில்லை,
இரண்டு நாள் அவனோடு நான் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.
பத்தின் கடலுக்கு மட்டும் நாற்பது பேர்.
மகாபே ஒன்பதோடு விலகி
கிஃபு ஆற்றில் ஆயு மீன் பிடிக்கிறார்.
சுவர்களை இப்போது ஒரு நிரல் முட்டுகிறது,
ஓரிரவில் நாற்பது லட்சம் முட்டு.
நெற்றி என்ற ஒன்று அதற்கு இல்லை.

இந்த ஆண்டு இரண்டாம் பாகத்தை மறுபடி செய்கிறோம்,
ஃபுஷிமியில், கண்ணாடிக் கட்டடம், பதினான்காம் மாடி.
அது வெளிவந்தபோது பிறந்திராத சுகிதானி ஹொனாமி
ஓடிவந்து சொன்னாள்:
“அந்த ஓட்டையை விடக் கூடாதென்று ரசிகர்கள் பிடிவாதம்.
வைத்துவிட்டோம்.
நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.”

பார்த்தேன்.
சொட்டும் பாறை. பாசிக்குக்கூட நிழல்.
ஈசானி மூலையில் சத்தம் வரவில்லை.
உள்ளே கறுப்பு, பணம் செலவழித்த கறுப்பு.
நடுவில் பொன்னொளி வீசும் ஒரு பெட்டி,
பெட்டியில் ஒரு வாள்.
வெளியே போக அம்புக்குறி.
தெற்கே பதினோரு அடி.

அன்று எழுதாமல் விட்டதை எழுதினேன்:
“இடம்: வடக்குக் குகை, நான்காம் அடுக்கு.
பிழை: உள்ளே ஏதோ இருக்கிறது.”

மாலையே பதில் வந்தது:
“திட்டமிட்டபடியே உள்ளது. மூடப்பட்டது.”

வீட்டுக்கு எதிர்த்திசையில் ரயில் ஏறி
ஓசுவில் இறங்கினேன். ஒரே நிறுத்தம்.
சலவைக் கடை இருந்த இடத்தில்
பழைய சுவர் மட்டும் அப்படியே.
தெருவை இருபக்கமும் பார்த்துக்கொண்டேன்.
தோளால் ஒரு மோது.

தொப்.